ஒரே மரத்துக்கு இரண்டு பெயர்

1

இந்தக் கதை மலேசியாவில், குளுவாங்கில் ஒரு கோப்பிக் கடையில் எனக்குக் கிடைத்தது. சொன்னவள் ரூபினி. என் மனைவியின் தங்கை மகள், கணினிப் பொறியாளர். பெயர்களை மாற்றித்தான் எழுத வேண்டும் என்றாள், மாற்றிவிட்டேன்.

நான் எழுதிய முதல் வரி இப்படித் தொடங்கியது: அறிவியல் என்பது மானுடத்தின் பொதுச் சொத்தாக…

(அடித்துவிட்டேன். கதையில் வரும் டாக்டர்கள் இருவரும் இப்படித்தான் பேசுவார்கள்.)

2

ஜொகூர் மாநிலத்தில் இரண்டு ஆய்வு மையங்கள். எண்ணெய் தரும் செம்பனை மரங்களின் மரபணு விவரமெல்லாம் டாக்டர் ராமச்சந்திரனின் மையத்தில். தண்டழுகல் நோயில் எந்த மரம் சாய்ந்தது, எது தப்பியது என்பது டாக்டர் சபாபதியின் மையத்தில். இரண்டையும் இணைத்தால், எந்த இனக் கன்று நோயைத் தாங்கும் என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் ரூபினியை வேலைக்கு எடுத்தார்கள்.

இணையவில்லை. ஒரே மரத்துக்கு அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். பொதுப் பெயர் வைக்கலாம் என்றாள் ரூபினி. யார் வைத்த பெயர் பொதுப் பெயர் என்று முடிவுசெய்யக் கூட்டம் கூடியது. கூடிக்கொண்டே இருந்தது. தரவைப் பகிர இருவருக்கும் ஆட்சேபமே இல்லை. மற்றவர் முதலில் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

(சபாபதி போன்ற ஒருவர் இருப்பாரென்று நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று அவருக்கு நல்ல வசனமாக ஒன்று எழுதினேன். "அவரு இவ்ளோ நியாயமா பேசமாட்டாரு பெரியப்பா," என்றாள் ரூபினி. எடுத்துவிட்டேன்.)

3

இதற்கிடையில் காஹாங் ஊரில் அவளுடைய அப்பா அர்ச்சுனனின் தோட்டத்துச் செம்பனைகள் அதே நோயில் சாய்ந்துகொண்டிருந்தன. புதுக் கன்றுகளுக்குச் சொல்லிவைத்திருந்தார், லாரியும் கிளம்பிவிட்டது.

பொறுமை இழந்த ரூபினி இரண்டு பெயர்களையும் தானே பொருத்தி, கூட்டத்தில் திரையில் காட்டினாள். நோய்க்கு மிக எளிதில் சாயும் இனம் எது என்று தெரிந்தது: அப்பா வாங்கவிருந்த அதே கன்று.

திரையில் யாருடைய சின்னம் முதலில் வர வேண்டும் என்று கேட்டார் ராமச்சந்திரன். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இது வெளியே போகக்கூடாது என்றார் சபாபதி.

ரூபினி அவர்கள் முன்னாலேயே கைப்பேசியை எடுத்தாள்.

"அப்பா, அந்தக் கன்னு வேணாம் லா. லாரிய திருப்பி அனுப்பிடுங்க. பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லிடுங்க."

4

அர்ச்சுனன் காஹாங் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாளே இரண்டு மையங்களும் வரலாற்றில் முதல்முறையாகத் தங்களிடம் இருந்ததை முழுமையாக, தடையின்றிப் பகிர்ந்துகொண்டன: ரூபினியைப் பற்றிய பணிக்கோப்புகளை. கூட்டு விசாரணைக் குழுவும் அமைந்தது.

விசாரணை திங்கட்கிழமை. அவளுக்கு வேலை போவதாக ஒரு முடிவு எழுதினேன். அர்ச்சுனனிடம் படித்துக்காட்ட மனம் வரவில்லை. பதவி உயர்வு என்று இன்னொன்று எழுதினேன், ரூபினியே சிரித்துவிட்டாள். மூன்றாவதாக, குழுவினர் மனம் மாறி…

இல்லை, அது என் கையில் இல்லை. குழுவில் உங்களுக்கு ஒரு நாற்காலி காலியாக விட்டிருக்கிறேன். உட்காருங்கள். ரூபினி வெளியே காத்திருக்கிறாள்.