இரண்டு தேதி உள்ள இரவு

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவளும் என்ன என்று திரும்புவாள். எங்கோ ஒரு மலைமேல் இருக்கும் தொலைநோக்கி இரவெல்லாம் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்து வரைபடப் புள்ளிகளாக அனுப்பும். மேகம் கெடுத்த இரவுகளின் புள்ளிகளை மறுநாள் வெட்டி எறிவது அவள் வேலை. எட்டு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தப்பாக வெட்டியதில்லை என்று மற்ற ஆய்வகங்களிலும் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தேடுவது கோள்களை. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் இன்னொன்று குறுக்கே வந்தால், குறுக்கே வந்ததன் ஈர்ப்பு பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துக் குவிக்கும். பின்னால் இருப்பது சில வாரம் பிரகாசித்து அடங்கும். வரைபடத்தில் அது வழவழப்பான ஒரு குன்று. குறுக்கே வந்ததைச் சுற்றி ஒரு கோள் இருந்தால், குன்றின் சரிவில் சில மணி நேரத்துக்குச் சின்னதாக ஒரு மேடு எழும். அவ்வளவுதான். அந்த இரண்டும் மறுபடி நேர்க்கோட்டில் வரப்போவதில்லை. விட்டால் விட்டதுதான்.

அன்று மாலை நான்கு மணிக்கு எந்த நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு, எதற்கு இல்லை என்ற எட்டு வருட உழைப்பின் பட்டியல் வெளியே போக வேண்டும். சாப்பிட்டு வந்தவள், கை சும்மா இருக்காமல், மலைமேல் எழுதிய பழைய பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் வழக்கமான ஆபரேட்டர் காலை உடைத்துக்கொள்ள, மூன்று வாரம் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். 'விடிந்த பிறகு எழுதுவதால் விடிந்த தேதியையே போடுகிறேன்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. தினமும் அவளுக்கு வந்ததில் மேகம் மூடிய தேதி மட்டும்தான் இருக்கும்.

வழக்கமானவர் இரவு தொடங்கும் தேதியைப் போடுவார். அதை நம்பித்தான் அவள் வெட்டுவாள். அப்படியானால் அந்த மூன்று வாரமும் மேகம் மூடிய இரவை வைத்துக்கொண்டு, அடுத்த தெளிவான இரவை வெட்டியிருக்கிறாள்.

அந்த வாரங்களில் நாற்பத்தொரு நட்சத்திரங்கள். வெட்டியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். ஒன்பதாவதில் ஐந்து புள்ளிகள் படிப்படியாக மேலே ஏறின. அதோடு மலைமேல் விடிந்துவிட்டது. பட்டியலில் அதற்கு எதிரே 'கோள் இல்லை' என்று அவள் கையெழுத்து இருந்தது.

வாயைத் திறக்காவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கணவனுக்குப் போன் போட்டாள். அவன் எங்கோ ஏணிமேல் நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

"கல்யாணமா? அது பத்து வருஷம் ஆச்சே."

அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

"சொல்லாம விட்டா நீ ஒரு வாரம் சாப்பிட மாட்டே. அப்புறம் என்னையும் சாப்பிட விட மாட்டே. போய்ச் சொல்லிடு" என்றான்.

ஆய்வகத் தலைவர் டீயைக் கீழே வைத்துவிட்டு அவள் காட்டிய திரையையே பார்த்தார். "வெறும் அஞ்சு புள்ளிம்மா. அதுவும் ஏற்றம் மட்டும். யாரு நம்புவாங்க?"

"யாரும் நம்ப வேணாம் சார். இல்லைன்னு நான் போட்ட கையெழுத்து பொய். அது வெளிய போகக் கூடாது."

இன்னொரு கண்டத்தில், இந்த மலைமேல் விடியும்போது அங்கே இருட்டும் ஓர் ஆய்வகம் இருந்தது. தலைவர் அங்கே இருந்த பழைய நண்பரைக் கூப்பிட்டு, பேச்சு இருவருக்கும் கேட்கும்படி வைத்தார். நட்சத்திரத்தின் எண்ணையும் தேதியையும் சொன்னார்.

"அன்னைக்கு எங்ககிட்ட பதினொரு புள்ளி இருந்தது" என்றார் நண்பர். "எல்லாம் இறக்கம். ஏற்றம் இல்லாம ஏது இறக்கம்? உங்க பக்கம் பார்த்தா மேகம்னு வெட்டியிருந்தது, ஒத்துப் பார்க்க ஏற்றமே இல்லை. கத்தரி வெட்டினா சரியாத்தான் இருக்கும், எங்க கருவிதான் கோளாறுன்னு தூக்கிப் போட்டுட்டோம்."

அரை மணியில் பதினொன்றும் வந்தன. அவளுடைய ஐந்தோடு சேர்த்ததும் மேடு முழுசாக எழுந்து இறங்கியது. ஒரு கோள். சந்தோஷமா வெட்கமா என்று தெரியாமல் அவளுக்குக் கண் கலங்கியது.

"எட்டு வருஷம் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு மாசம் பொறுக்கலாம்" என்றார் தலைவர். "மிச்சம் முப்பத்திரண்டு இருக்கு. உட்காரு."

நான்கு மணிக்குப் பட்டியல் போகவில்லை. அதற்குப் பதிலாக எல்லா ஆய்வகங்களுக்கும் அவளுடைய கடிதம் போயிற்று. 'இந்த மூன்று வாரத்தில் என்னை நம்பி நீங்கள் எறிந்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். தப்பு என்னுடையது.'

கீழே, கத்தரி என்றே கையெழுத்துப் போட்டாள்.