ஆட்டம் முடிந்ததும் செய்திகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. கிழக்கேகோட்டையில் வித்துரா பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். கடை டிவியில் உள்ளூர் கேபிள் சேனல், கால்பந்து. திரையின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது: ‘தமிழ்ச் செய்திகள் சற்று நேரத்தில்.’ ஒரு டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். பஸ்ஸையும் விட்டேன். அந்தச் சற்று நேரம் வரவேயில்லை. அந்த வரிக்குப் பின்னால் யாரோ பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, பாவம், என்ன செய்வார்கள்?

அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதியெல்லாம் கைவேலை.

2

முதல் முயற்சி: ‘மாலை வெயில் ஸ்டூடியோ ஜன்னல் வழியாக அவள் கன்னத்தில்’—

(ஸ்டூடியோவுக்கு ஜன்னல் கிடையாது.)

இரண்டாவது: ‘சிறு வயதிலிருந்தே ஜெபமலருக்கு’—

(சிறு வயதுக்குள் போனால் திரும்பி வர அரை நாளாகும்.)

மூன்றாவது தேறும்: ஜெபமலர் அன்றுதான் முதன்முதலாகச் செய்தி வாசிக்க இருந்தாள், வாசிக்கவிடாமல் செய்துகொண்டிருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பி லிங்கராஜ் வித்துரா அணியின் கோல்கீப்பர். எதிரே பூந்துறைக்காரர்கள். மழையால் தாமதமாகத் தொடங்கிய இறுதிப் போட்டி, கூடுதல் நேரத்துக்குப் போயும் கோல் விழவில்லை. ஆட்டம் முடிந்தால்தான் செய்தி. ஏழு மணிக்கோ நகைக்கடைக்காரர் வழங்கும் பாட்டுப்போட்டி. அது இம்மியும் நகராது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் ஜெபமலரின் பங்கு. அதை லிங்கராஜ் பாய்ந்து பாய்ந்து தின்றுகொண்டிருந்தான்.

அன்று அவளுக்குச் சோதனை வாசிப்பு. சேனல் முதலாளி வீட்டிலிருந்து பார்க்கிறார். பிடித்துப்போனால் வேலை அவளுக்கு. வாசிக்க முடியாமல் போனால், நாளை வேறொரு பெண்ணின் முறை. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் அம்மா தங்கபாய் லயத்து வரிசை வீட்டுக்காரர்களையெல்லாம் டிவி முன்னால் கூட்டி வைத்திருந்தாள். அங்கிருந்து ஃபோன் வந்தது.

“மலரு, தம்பி என்னா பாய்ச்சல் பாயுறான் பாத்தியா! நீ எப்ப வருவ?”

“அவன் ஒண்ண உள்ள விட்டாத்தாம்மா நான் வருவேன்.”



“அப்ப நான் யாருக்குன்னு ஜெபம் பண்ண?”

“ஒனக்குத் தோணுறபடி பண்ணு.”

“ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பண்ணிருக்கேன். ஆண்டவருக்கே தல சுத்தியிருக்கும்.”

ஃபோனை வைத்த ஜெபமலர் மானிட்டரைப் பார்த்தாள். பூந்துறைப் பையன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். “விட்டுத் தொலடா,” என்று முணுமுணுத்தாள். லிங்கராஜ் விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான். அவள் துள்ளி எழுந்து கைதட்டியதில் சேலையில் குத்தியிருந்த மைக் பிய்த்துக்கொண்டு போனது.

(தம்பி தோற்கவேண்டும் என்று நினைப்பவளை வாசகருக்குப் பிடிக்குமா என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். பிறகு அந்தக் கைதட்டலை எழுதினேன். தயக்கம் போய்விட்டது.)

3

மலையாளியான தயாரிப்பாளர் பிஜுவை வில்லனாக்கத்தான் பார்த்தேன். கடுகடுப்பான முகமெல்லாம் கொடுத்தேன். வாயைத் திறந்ததும் கெட்டுப்போனது.

“ஜெபா மோளே, பெனால்டியாக்கும். இனி சட்டுனு தீரும், கேட்டோ. பயப்படாதே.” சொன்னவர்தான் தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தார்.

பெனால்டி தீரவில்லை. இவர்கள் ஒன்று போட்டால் அவர்களும் ஒன்று போட்டார்கள். இவர்கள் தவறவிட்டால் அவர்களும் தவறவிட்டார்கள். மைதானத்தில் கமென்டேட்டரின் தொண்டை கீச்சிட்டு, கரகரத்து, நின்றேபோனது.*

பிஜு ஓடிவந்தார். “சவுண்டே இல்லை! நீ பேசு!”

“நானா? என்ன பேச?”

“என்னவாவது! முதலாளி ஃபோன் மேல ஃபோன்!”

“கையில செய்திதான் சேட்டா இருக்கு.”

பிஜு அவளைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார். “எங்கில் அத வாசி!”

திரை இரண்டானது. பாதியில் மைதானம், பாதியில் ஜெபமலர்.

* நெல்லையப்பன் என்று பெயர் வைத்து, தொண்டை அடைத்துப்போவதற்காக மட்டுமே நான் வேலைக்கு எடுத்த ஆள். நன்றாகச் செய்தார்.

4

“வணக்கம். கிழக்கேகோட்டைப் பகுதியில் நாளை காலை குடிநீர் வராது. பூந்துறையின் ஆறாம் நம்பர் வருகிறார். பொதுமக்கள் முன்கூட்டியே தண்ணீரை... எடது பக்கம்டா லிங்கராஜ், எடது பக்கம்! ...பிடித்துவிட்டான்! பிடித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

கேமராக்காரர் தோள் குலுங்கச் சிரித்ததில் படமும் குலுங்கியது.

“பொன்முடிச் சாலையில் மரம் விழுந்ததால், இதோ வித்துரா அடிக்கிறது, ஐயோ வெளியே! வாகனங்கள் மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்பட்டுள்ளன.”

பிஜு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மணி ஏழு. ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். காதுக்குள் அவர் குரல்: “நிறுத்தாதே! பாட்டுப்போட்டி காத்திருக்கட்டே, முதலாளி சொன்னார்! நாளைக்கும் நீதானாம்!”

ஜெபமலர் அதைக் கேட்டுக்கொண்டே நெல் கொள்முதல் விலையை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள்.

5

எல்லாரும் அடித்தாயிற்று. கடைசியில் கோல்கீப்பர்கள். பூந்துறை கீப்பர் அடித்ததை லிங்கராஜ் தடுத்துவிட்டான். இனி அவன் முறை. உள்ளே போனால் கோப்பை வித்துராவுக்கு. போகாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

ஜெபமலரின் கையில் கடைசித் தாள் மட்டும் மிச்சம். ‘விளையாட்டு:’ என்ற ஒரு சொல். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

ஊர்க்காரர்கள் லிங்கராஜைத் தோளில் தூக்குவதாக எழுதிப் பார்த்தேன். மிகவும் தித்தித்தது. சேற்றில் வழுக்கி அவன் உட்கார்ந்துவிடுவதாகவும் எழுதினேன். எனக்கு மனது வரவில்லை. கரண்ட் போவதாக ஒரு—

(சீ.)

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். அவன் ஓடிவந்து அடித்தான். ஜெபமலர் தாளை மேசையில் போட்டுவிட்டு, ஜில்லா முழுக்கப் பார்க்கிறது என்பதையும் மறந்து, கண்ணீரில் பவுடர் கரைந்து வழியும்வரை சிரித்தாள். தம்பி ஜெயித்தாலும் அக்கா அப்படித்தான் சிரிப்பாள். சேற்றில் வழுக்கி விழுந்தாலும் அப்படியேதான் சிரிப்பாள்.

அவளால் இப்போது பேச முடியாது. தாள் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள்.

விளையாட்டு: