வெயில் மயக்கம்

ஆஸ்பத்திரிக்குப் போனால் உள்ளதை உள்ளபடி சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. மூன்று நாள் காய்ச்சலை நேற்று ராத்திரியிலிருந்து என்போம். சர்க்கரைக்காரன் காப்பியில் சீனியே சேர்ப்பதில்லை என்பான், அவன் மனைவி பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பார்ப்பாள். மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகளைப் பற்றி மூச்சு விடமாட்டோம். டாக்டர்களும் பழகியவர்கள்தான். நாம் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். பெரிய சேதம் ஒன்றும் வருவதில்லை.

பூச்சிமருந்து விஷயம் மட்டும் வேறு. வயலுக்கு மருந்தடிக்கும்போது விழுந்தவனுக்கும் அதையே குடித்துவிட்டு விழுந்தவனுக்கும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரே வரவேற்புதான். சின்ன இடமென்றால் தொடவே யோசிப்பார்கள். போலீசுக்குத் தகவல் போகும். போலீஸ் வந்துவிட்டுப் போனால் மிச்சக் கதையை ஊர் கட்டிக்கொள்ளும். கடன் என்பார்கள், பெண்டாட்டியோடு சண்டை என்பார்கள், இன்னும் வாயில் சொல்லக்கூடாததையும் சொல்வார்கள். குடிக்கவில்லை, அடிக்கத்தான் செய்தான் என்று யார் சொன்னாலும் 'ஆமா, ஆமா' என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டலைப்போல எரிச்சலூட்டுவது உலகத்தில் வேறில்லை.

சீவலப்பேரி கருத்தையா ஆடி மாதக் காற்றில் கார்ப் பருவ நெல்லுக்கு மருந்தடிக்கப் போனான். பயிரில் இலைச்சுருட்டுப் புழு. முதுகில் மாட்டிய தெளிப்பான் ஒழுகியது. அது ஒழுகுவது அவனுக்கும் தெரியும். இந்த ஒரு வயலை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று போன வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தான். வெறும் வயிறு, எதிர்க்காற்று, நனைந்த சட்டை. மனைவி செல்லக்கிளி கஞ்சித் தூக்குடன் வந்தபோது, மயங்கி விழுந்திருந்த அவனை பம்ப்செட் தொட்டியருகே உட்காரவைத்து, அவன் அண்ணன் சங்கிலிபூதத்தான் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். சோப்புப் போட்டுத் தேய்த்து, தன்னுடைய சட்டையையும் வேட்டியையும் தம்பிக்கு உடுத்திவிட்டான். மருந்து வாடை ஆஸ்பத்திரிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அந்தக் குளியலின் நோக்கம்.

ஆட்டோவில் ஏறியதும் அண்ணன் சொல்லிவிட்டான்.

"இந்தா பாரு செல்லக்கிளி. வெயில்ல மயங்கிட்டான், அம்புட்டுதான். மருந்துன்னு வாயத் தொறந்திராத. ஆவணில புள்ளைக்குக் கல்யாணம். அம்பாசமுத்திரத்துக்காரன் காதுக்குப் போச்சுன்னா என்ன நெனப்பான்? அப்பன் எதுக்கு மருந்தக் குடிச்சான், புள்ளைகிட்ட என்ன கோளாறுன்னு கேக்க மாட்டானா?"

செல்லக்கிளி தலையசைத்தாள். அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. மகள் சுகன்யாவுக்கு ஒரு வருஷம் அலைந்து அமைந்த இடம் அது. மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை. பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. கருத்தையா அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். வாயோரம் எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க வடிந்தது.

பாளையங்கோட்டைக்குள் நுழையும் சாலையில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு எல்லோரும் அங்கேதான் போவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் கூட்டம் இல்லை, நாற்காலிகள் சுத்தமாக இருக்கும். பெயர், வயது, ஊர், செல்போன் எண் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது ஒன்றே குறை. அன்றும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்கள்.

டியூட்டியில் இருந்த டாக்டர் பிருந்தா படிப்பை முடித்து அதிக நாள் ஆகாதவள்.

"என்ன ஆச்சு?"

"வயல்ல நின்னான் டாக்டர். வெயில்ல மயங்கிட்டான்," என்றான் சங்கிலிபூதத்தான்.

அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். கருத்தையாவின் மூச்சில் கொப்பளிக்கும் சத்தம் செல்லக்கிளிக்கே கேட்டது.

"மருந்து ஏதும் அடிச்சாரா?"

"இல்ல டாக்டர்."

"ஏதாவது குடிச்சிருப்பாரா?"

"என்ன கேள்வி இது. நல்ல குடும்பம் டாக்டர். அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கான்."

டாக்டர் அவனை விட்டுவிட்டுச் செல்லக்கிளியைப் பார்த்துப் பேசினாள். "அம்மா, கண்ணுமணி சுருங்கியிருக்கு. எனக்குச் சந்தேகமா இருக்கு. மருந்து விஷம்னா உடனே ஒரு ஊசி போடணும். ஆனா இது நிஜமாவே வெயில் மயக்கம்னா, அந்த ஊசி இவருக்கு ஆபத்து. எதுன்னு நீங்க சொல்லணும்."

செல்லக்கிளிக்குப் பயமாக இருந்தது. போலீசை நினைத்துப் பயம், அம்பாசமுத்திரத்தை நினைத்துப் பயம், பின்னால் நிற்கும் புருஷனின் அண்ணனை, அவள் அத்தானை, நினைத்தும் பயம். கட்டிலில் கிடந்தவனின் கால் தசைகள் தன்போக்கில் துடித்துக்கொண்டிருந்தன.

"மருந்துதான் அடிச்சாவ," என்றாள். "காலையிலேந்து அடிச்சாவ. கழட்டிப்போட்ட சட்டை முதுகெல்லாம் மருந்துல நனஞ்சிருந்தது."

"ஏ, என்ன சொல்லுத நீ?" என்றான் சங்கிலிபூதத்தான்.

"அத்தான், நீங்க கொஞ்சம் அங்கன போய் உக்காருங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. அவன் நிஜமாகவே போய் உட்கார்ந்துவிட்டான்.

ஊசி போட்டார்கள். மருந்தின் பெயர் வேண்டும் என்றாள் டாக்டர். செல்லக்கிளி வீட்டுக்குப் போன் போட்டு மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். வயலில் கிடந்த புட்டியை சுகன்யா ஓடிப்போய் எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், மூடி என்று படம் பிடித்து அனுப்பினாள். அது எதற்கு, யார் யாருக்கெல்லாம் தெரியப்போகிறது என்று தெரிந்தேதான் அனுப்பினாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு ஊசி போட்டாள். ஆம்புலன்சை வரவழைத்து, தானும் கூடவே ஏறிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் ஒப்படைத்தாள். போகும்போது, "யார் குளிப்பாட்டினது? நல்ல காரியம்," என்று கேட்டாள். தம்பியைக் குளிப்பாட்டிக் காப்பாற்றியது தான்தான் என்று சங்கிலிபூதத்தான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதுவும் பொய்யில்லை.

போலீஸ்காரர் வந்தார். கருத்தையாவின் தொண்டையில் குழாய் இருந்ததால் செல்லக்கிளியைத்தான் கேட்டார்.

"வீட்ல ஏதும் சண்டையா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"பயிர்ல புழு சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

குழாயை எடுத்துப் பொது வார்டுக்கு மாற்றியபின் ஊர் வந்து பார்க்கத் தொடங்கியது. பிஸ்கட் பாக்கெட்டும் சாத்துக்குடியும் கொண்டுவந்தார்கள். யாரும் நேராகக் கேட்கவில்லை. "எல்லார் வீட்லயும் உள்ளதுதான், மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீரும்," என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். மருந்தடிச்சப்போ விழுந்தேன் என்று கருத்தையா சொன்னபோதெல்லாம் ஆமா, ஆமா என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்தார், ஐந்து நிமிஷம் நின்றார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நாலு நாள் கழித்து, ஜாதகத்தை இன்னோர் இடத்தில் காட்டியதாகவும் அது சரியாக வரவில்லை என்றும் போன் வந்தது. பத்திரிகை அடித்தபிறகு ஜாதகம் பார்க்கும் மனிதர்களை என்ன சொல்வது. சுகன்யா அழுதாள். இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை, ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள்.

கல்யாணம் நின்றுபோன விஷயத்தைக் கருத்தையாவிடம் அண்ணன்தான் சொன்னான். அவன் போனபிறகு கருத்தையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்லா."

செல்லக்கிளி சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த கோபம் அப்போதுதான் வந்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை, பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இருந்திருக்கலாம். வெயில்ல செத்தான், நல்ல மனுசன்னு ஊரே சொல்லியிருக்கும். வருசம் கழிஞ்சதும் புள்ள கல்யாணத்தையும் அம்பாசமுத்திரத்துக்காரவியளே நல்லா நடத்தியிருப்பாவ. உங்க அண்ணன்தான் தாரவாத்துக் குடுத்திருப்பாவ. நான் தாலி இல்லாம, எவ கண்ணுலயும் படாம அடுப்படிக்குள்ள நின்னிருப்பேன்."

கருத்தையா அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் ஒரு சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, அவன் வாயில் வைத்தாள்.