தார் சிவக்கிற வரை நட

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பளபளப்பான பத்திரிகையில் பெங்களூர் மென்பொருள் வளாகம் ஒன்றின் படம் வந்திருந்தது. கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, நடுவில் வளைந்து போகும் சிவப்புத் தார்ப்பாதை. கீழே கட்டடம் வரைந்தவர் பெயர், செடி வைத்தவர் பெயர், படம் பிடித்தவர் பெயர். பாதை மட்டும் மழைக்கு முளைத்த காளான் போலிருக்கிறது, அதற்கு யார் பெயரும் இல்லை. அதைப் போட்ட ஒப்பந்தக்காரரிடம் நான்தான் சைட் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கோபம் எனக்கு முன்பே வீட்டில் இருந்தது.

முதல் தொடக்கம்: "செவ்வானம் மண்ணில் இறங்கியதுபோல அந்தப் பாதை..."

(வேண்டாம். தார் போடுகிற இடத்தில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. கொதிக்கிற கலவை காலில் விழாமல் பார்ப்பதற்கே கண் போதாது.)

இரண்டாவது தொடக்கம்: "சந்திரம்மா ஓர் ஏழைத் தொழிலாளி. அவள் கண்களில் ஒரு..."

இதைச் சந்திரம்மாவுக்கே வாசித்துக் காட்டினேன். ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறார். அந்தப் பாதையைப் போட்ட கும்பலுக்கு அவர்தான் தலைவி. அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

"கண்ணுல என்னாடி? தூசா?"

"சோகம்னு எழுதப்போறேன்க்கா."

"தாருல கலக்குற பவுடர் பூந்து எரிஞ்சிது. அத எழுது. என்னப் பாவமா எழுதின, கதைய வுட்டு எறங்கிப் போய்க்கினே இருப்பேன்."

ஆகவே, எரிந்தது.

2

தாரைச் சிவப்பாக்கும் கலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரியில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. சூடான ஜல்லியில் ரெட் ஆக்சைடு பொடியைக் கொட்டிக் கலக்க வேண்டும், பிறகு தார் ஊற்ற வேண்டும். தாரோ கறுப்பு. அது எவ்வளவு பொடியைக் கொட்டினாலும் தின்றுவிட்டு ஏப்பம்கூட விடாது. அதனால் சிவந்த கல்லாகத் தேடிச் சேர்ப்போம். அப்படியும் கிடைப்பது கருகிய செங்கல் நிறம்தான்.*

*வளாக மேலாளர் சிவசங்கரன் முதலில் கேட்டது நீலம். கம்பெனி முத்திரையின் நீலம். கம்ப்யூட்டரில் அச்சடித்த தாளை நீட்டி "இதே ஷேடு" என்றார். அதற்கு நிறமே இல்லாத வேறு பசை வேண்டும், சாதாரணத் தாரில் நீலம் போட்டால் கறுப்புதான் வரும் என்றேன். "போட்டுப் பார்த்தீங்களா?" என்றார். காக்காய்க்கு நீலம் பூசிப் பார்த்தீங்களா என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

(சிவசங்கரனை முதல் வரைவில் வில்லனாக்கி மீசை வைத்தேன். பிறகு மழித்துவிட்டேன். நிஜத்தில் அவர் மிக மரியாதையானவர். மரியாதையானவர்களைக் கதையில் மடக்குவது கஷ்டம்.)

கலவை போட்ட நாட்களில் பொடி எல்லா இடத்துக்கும் போனது. சந்திரம்மாவின் தலைமுடி சிவப்பு. கும்பலில் கூட வேலை செய்த அன்னம்மாளின் சோற்று டப்பா சிவப்பு. நான் மூக்கைச் சிந்தினால் சிவப்பு. தொம்மலூரில் பஸ் ஏறினால் கண்டக்டர் "ஹோளி ஆய்த்தா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார், ஹோலி விளையாடி முடிச்சாச்சா என்று.

பாதை மட்டும் கறுப்பாக வந்தது.

3

"ரெட் எங்க மேடம்?" என்றார் சிவசங்கரன்.

"உள்ள இருக்கு சார்."

"உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?"

விளக்கினேன். புதிதாகப் போட்டதும் கல்லின் மேல் தார் பாலாடைபோலப் படிந்திருக்கும். ஆள் நடக்க நடக்க அது தேயும். அடியிலிருக்கும் சிவப்பு மேலே தெரியும்.

"அடுத்த வாரம் திறப்பு விழா. சேர்மன் வெளிநாட்டுலேர்ந்து வர்றார். அதுக்குள்ள சிவக்கலைன்னா பேத்துடுவோம். பின்பக்கப் பாதையை வேற கும்பலுக்குக் குடுத்துடுவோம். நடந்தா சிவக்கும்னா நடங்களேன்."

"உங்க ஸ்டாஃப் நடக்கட்டுமே சார்."

"ஷூவுல தார் ஒட்டும் மேடம்."

பின்னாலிருந்து சந்திரம்மா கேட்டார்: "எங்க காலுன்னா தாருக்குப் புடிக்காதா சார்?"

சிவசங்கரன் பாதையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அக்கா பேசும்போதெல்லாம் அவர் பாதையைத்தான் பார்ப்பார்.

(இங்கே சந்திரம்மாவுக்கு ஒரு நீளமான வசனம் எழுதியிருந்தேன். உழைப்பு, வியர்வை, உரிமை எல்லாம் இருந்தது. "இவ்ளோ பேசினா தாரு ஆறிப்பூடும்" என்றார். அடித்துவிட்டேன்.)

4

தார் சீக்கிரம் தேயட்டும் என்று மணலைத் தூவி நடக்க ஆரம்பித்தோம். கும்பலின் கால்கள் போதவில்லை. மறுநாள் சாயங்காலம் சந்திரம்மா ஈஜிபுராவில் பாதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர்கள், இட்லி விற்கிறவர், புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, இடுப்பில் பிள்ளைகள். கேட்டில் காவலர் கோவிந்தப்பா மறித்தார்.

"இஷ்டு ஜனா யாக்கம்மா? இத்தன பேரு எதுக்கு? இவங்க எல்லாம் லேபரா?"

"லேபருதாங்கண்ணா. நடக்கிற லேபரு."

"இந்தக் கொழந்தையும்?"

"அது டிரெய்னி."

கோவிந்தப்பா சிரிக்காமல் கேட்டைத் திறந்தார். அந்த வாரம் முழுக்க அந்த வளாகம் எங்களுக்கு லால்பாக் பூங்கா. வேர்க்கடலை வந்தது. புதுஜோடி வேண்டுமென்றே பின்தங்கியது. அன்னம்மாள் மூட்டுவலி போய்விட்டதாக அறிவித்தார்.

பாதை சிவந்தது. ஆனால் பாதைக்குத் தோன்றியபடி இல்லை, நடந்தவர்களுக்குத் தோன்றியபடி. நடுவில் ஒரு பட்டை. குழாய்க்குத் திரும்பும் இடத்தில் ஒரு கிளை. கண்ணாடிச் சுவருக்கு எதிரில் பெரிய திட்டு.

"அங்க மட்டும் ஏன் இவ்ளோ ரெட்டு?" என்றார் சிவசங்கரன்.

"அங்கதான் நின்னு பொட்டு சரி பண்ணிக்கினோம்" என்றார் அன்னம்மாள்.

(இந்தத் திட்டை வைத்து ஒரு தத்துவம் எழுத ஆசைப்பட்டேன். மானம் தடுத்தது.)

5

விழாவுக்கு முந்தைய நாள் உத்தரவு வந்தது. வேலையாட்கள் எல்லோரும் காலையிலேயே பின்கேட் வழியாகப் போய்விட வேண்டும். விழா நேரத்தில் அவர்களில் ஒருவர் பாதையில் தென்பட்டாலும் பின்பக்க வேலை கும்பலுக்குக் கிடையாது. தயவுசெய்து என்ற சொல்லும் அதில் இருந்தது.

"நான் முன்கேட்டு வழியா வருவேன். ஒரே தபா" என்றார் சந்திரம்மா.

"ஒரு வாரமா நடந்தது பத்தலயா உனுக்கு? எல்லார் பொழப்பையும் கெடுக்காத" என்றார் அன்னம்மாள்.

"அது வேலைக்கு நடந்தது. இது சும்மா நடக்க."

"சும்மா நடக்கிறதுக்கு வேலைய வுடுவியா?"

அன்னம்மாள் சொல்வதும் நியாயம். கதை இங்கேதான் சிக்கியது, இரண்டு வருடமாக.

முடிவு அ: அக்கா நடக்கிறார். சேர்மன் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார். (இதை எழுதிய கையைக் கழுவினேன்.)

முடிவு ஆ: அக்கா பின்கேட் வழியாகப் போகிறார். நான் அழுகிறேன். ("போறது நானு. நீ ஏண்டி அழுவுற?")

முடிவு இ: நிஜமாக நடந்தது. அது எனக்குத் தெரியும். எழுதக்கூடாது என்று சந்திரம்மா உத்தரவு.

"ஏன்க்கா?"

"எழுதினா படிச்சிட்டு 'ஐயோ பாவம்'னோ 'சபாஷ்'னோ சொல்லிட்டுப் பக்கத்தத் திருப்பிடுவாங்க. அந்த நேரம் அங்க நின்னிருந்தா என்னா செஞ்சிருப்பாங்கன்னு கேளு."

சரி. கேட்கிறேன்.

நீங்கள் சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பொறியியல் முடித்து வந்தவர். கழுத்தில் அடையாள அட்டை. சேர்மனை வரவேற்கக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். வெயில். முன்கேட் வழியாக ஓர் அம்மா வருகிறார். இஸ்திரி போட்ட மஞ்சள் சேலை, தலையில் கனகாம்பரம். பாதையின் நடுவே அவசரமில்லாமல் நடந்து உங்களைத் தாண்டுகிறார். கோவிந்தப்பா எங்கோ பார்க்கிறார். தூரத்தில் கார் கதவு சாத்தும் சத்தம்.

சிவசங்கரன் உங்களிடம் வருகிறார். அந்த முகம் உங்களுக்குத் தெரியும், ஒரு வாரமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்தது; அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மெதுவாக, மரியாதையாகக் கேட்கிறார்:

"யாருங்க அவங்க? உங்க வீட்டுலேர்ந்து வந்தவங்களா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, நடந்துகொண்டிருக்கிறார். சிவசங்கரன் உங்கள் வாயைப் பார்க்கிறார்.