டப்பாச் செர்ரியில் ஒரு கொட்டை

எங்கள் தேவாலயத்தில் தவக்கால புதன்கிழமைகளில் ஆராதனைக்கு முன்னால் கீழ்த்தளத்தில் சூப் விருந்து நடக்கும். சூப்புக்குப் பிறகு செர்ரி பை, அதாவது மாவு ஓட்டுக்குள் பழப் பூரணம் வைத்துச் சுட்ட பலகாரம். கல்யாணமாகி இந்த மிச்சிகன் ஊருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஐந்து வருஷமும், யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியலில் என் பெயருக்கு எதிரே விருந்துப் பொறுப்பாளி ஆர்டிஸ் எழுதியது ஒன்றேதான்: காகிதத் தட்டு. சிகாகோக்காரியை நம்பி இவர்கள் வேறு எதையும் ஒப்படைக்கவில்லை.

இந்த மார்ச் மாதம், வழக்கமாக பை கொண்டுவரும் அம்மாள் பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆர்டிஸ் போன் செய்தாள்.

"ரோசலின், நாளைக்கு நீ ஒரு செர்ரி பை கொண்டு வர்றியா? வீட்ல செஞ்சதா இருக்கணும், என்ன?"

"அதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? கொண்டு வர்றேன்," என்றேன். அடுத்தவருக்கு அடிபட்டதில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சந்தோஷப்பட்டேன்.

இந்த ஊரில் எல்லார் வீட்டு ஃப்ரீஸரிலும் சொந்தத் தோட்டத்துச் செர்ரி மூட்டையாகக் கிடக்கும். என் ஃப்ரீஸரில் இருந்தது பட்டாணி. பக்கத்து வீட்டில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே இருபது மைல் தள்ளி, என்னைத் தெரியாத கடையில், இரண்டு டப்பா செர்ரிப் பூரணம் வாங்கினேன்.

திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டேன். ஒரே தித்திப்பு, ஒட்டுகிற பசை, பழத்தின் ருசி எங்கோ தூரத்தில். பாகில் பாதியை வடித்துக் கொட்டினேன். எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் துளி பட்டைத்தூளும் போட்டு, வெண்ணெயோடு அடுப்பில் ஒரு கொதி விட்டேன். இறக்கியதும் பாதாம் எசன்ஸ் இரண்டே சொட்டு. மறுபடி ருசி பார்த்தேன். டப்பா வாடையே போயிருந்தது. மாவை நானே பிசைந்து, மேலே மாவுப் பட்டைகளால் பின்னல் மூடியும் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல பெண். ஆனால் கெட்டிக்காரி ஆயிற்றே.

கையால் கொட்டை நீக்கினால் ஒன்றிரண்டு தப்பிவிடும். இங்கே சாப்பிடும்போது கொட்டை கடிபட்டால் யாரும் கோபிப்பதில்லை. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து எல்லாரிடமும் காட்டுவார்கள். வீட்டில் செய்ததற்கு அதுதான் அத்தாட்சி. டப்பாச் செர்ரியில் ஏது கொட்டை? ஃப்ரிட்ஜைக் குடைந்தேன். உப்புநீரில் ஊறிய ஆலிவ் காய் ஒரு பாட்டில் இருந்தது. ஒன்றைத் தின்று, கொட்டையை மூன்று தரம் கழுவி, பின்னல் இடுக்கு வழியாகப் பூரணத்தில் புதைத்து, பையை அவனில் சுட்டெடுத்தேன். கொட்டைக்குக் கொட்டை என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன், செர்ரி விவசாயிகள் நிறைந்த ஊரில்.

புதன்கிழமை மாலை, முதல் வாய்க்கே ஆர்டிஸின் புருவம் உயர்ந்தது. "பரவால்லையே," என்றாள். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

எதிரே ஆர்வில் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது, அறுபது வருஷமாகச் செர்ரித் தோட்டம். மென்றுகொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"கொட்டை போல," என்றாள் ஆர்டிஸ் மகிழ்ச்சியாக.

ஆர்வில் அதை உள்ளங்கையில் துப்பினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். மேசையே அவர் கையைப் பார்த்தது.

"ஏம்மா ரோசலின், இது எந்த மரத்துப் பழம்?"

"அது... எங்க சிகாகோப் பக்கத்து வகை."

"அப்படியா. நீளமா, ரெண்டு பக்கமும் கூரா இருக்கு. நான் இதுவரை பாத்ததில்ல." நாக்கில் வைத்துப் பார்த்தார். "லேசா உப்புக் கரிக்குது. அந்த மரத்துல எனக்கு ஒரு குச்சி வெட்டிக் குடேன், என் மரத்துல ஒட்டுப் போட்டுப் பாக்கறேன்."

அந்த முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் என்னை உடைத்தது.

"ஆலிவ் கொட்டை," என்றேன். "நான்தான் உள்ள வெச்சேன். செர்ரி டப்பாவுல வாங்கினது. ரெண்டு டப்பா. இருபது மைல் போயி வாங்கினேன்."

என் கணவர் வெண்டல் சூப் கிண்ணத்துக்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி தேடிக்கொண்டிருந்தார். ஆயுசுக்கும் காகிதத் தட்டுதான் என்று நினைத்தேன். அதைக்கூடப் பிடுங்கிவிடுவார்களோ என்றும் பயந்தேன்.

ஆர்வில் தட்டை நகர்த்தினார். "இன்னொரு துண்டு போடும்மா. உப்பு இல்லாத பக்கமா."

ஆர்டிஸ் தன் தட்டில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நக்கினாள்.

"டப்பாவா இது? என்னத்தப் போட்ட?"

சொன்னேன். எலுமிச்சையில் ஆரம்பித்து பாதாம் சொட்டு வரைக்கும். அவள் பேனாவை எடுத்துத் துடைப்புத் தாளில் எழுதிக்கொண்டாள். அப்புறம் கோப்பிலிருந்து பட்டியலை உருவினாள்.

"அடுத்த புதனும் பை நீதான். அந்த ஆலிவ மட்டும் தனியா ஒரு கிண்ணத்துல வெச்சிரு. வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்."

அப்போதுதான் மேசை முழுக்கச் சிரித்தது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.