குடிகாரன் இல்லை என்று ஒரு சான்று

அப்பாவின் திதி முடிந்து இலை எடுத்தபோது விரிஞ்சிபுரம் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: மூத்தவர் கோதண்டராமன், அவர் தம்பி முனிரத்தினம், தம்பி மனைவி சோபனா, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் தம்பியோடு டிரம் ஓட்டும் கலீமுல்லா. ஐந்தாவது ஆள் யாரும் இல்லை.

சாப்பிட்ட களைப்பில் முனிரத்தினம் பாயில் மல்லாந்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை ஜன்னல் கம்பியை அதிர வைத்தது. கோதண்டராமனுக்கு அதில் பெருமைதான்.

"அப்பா கொறட்டை அப்படியே வந்திருக்கு. ஆம்பளை தூக்கம்னா இதான்" என்றார்.

"நின்னுடுச்சி பெரியவரே" என்றான் கலீமுல்லா.

தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்கள் பத்தும் சுற்றும் இரைச்சலில் ஒன்று நின்றால் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுகிற காது அவனுக்கு. முனிரத்தினத்தின் நெஞ்சு ஏறி இறங்கியது, மூச்சு வரவில்லை. கலீமுல்லா விரல் விட்டு எண்ணினான். இருபத்திரண்டில், கிணற்றில் முங்கி எழுந்தவரைப்போல முனிரத்தினம் மூச்சை இழுத்தார். குறட்டை மறுபடி கிளம்பியது.

"அங்கயும் இதே பேஜாருதான். நின்னுக்கினே தூங்கறாரு. போன வாரம் டிரம் பக்கமா சாஞ்சிட்டாரு, நான்தான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். தண்ணி போட்டுட்டு வர்றாருன்னு மேனேஜரு எழுதிட்டாரு. பதினஞ்சு நாள்ல பதில் குடுக்கலன்னா வேலை போச்சி."

கோதண்டராமன் எழுந்து நின்றார். "எங்க வம்சத்துல ஒருத்தன் அதைத் தொட்டதில்ல."

"நாம சொன்னா எடுபடுமா மாமா?" என்றாள் சோபனா.

"டாக்டர் சொன்னா எடுபடும். குடிகாரன் இல்லன்னு சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்."

வேலூரில் ஒரு மருத்துவமனைக்குத் தம்பியை அழைத்துப் போனார். டாக்டர் கிறிஸ்டினா ரத்தக்கொதிப்பு பார்த்தார், இசிஜி, எக்கோ எடுத்தார், உடம்பில் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்கச் சொன்னார். சான்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. முடிவுகள் வந்த அன்று உட்கார வைத்துச் சொன்னார்.

"குடி இல்ல. தூக்கத்துல தொண்டை அடைச்சிக்குது. மணிக்கு நாப்பது தடவ மூச்சு நிக்குது. ஒவ்வொரு தடவயும் ரத்தத்துல ஆக்சிஜன் கம்மியாவுது, ஹார்ட் பதறுது. ராத்திரியிலயும் அதுக்கு ஓய்வு இல்ல. பிரஷர் ஏறியிருக்கு, ஹார்ட்டோட சுவர் தடிச்சிருக்கு, துடிப்பும் தப்புது. இப்படியே விட்டா ஸ்ட்ரோக் வரலாம், ஹார்ட் பலவீனமாகலாம். உங்க அப்பா எப்படி இறந்தாரு?"

கோதண்டராமனுக்குப் பிடித்த கேள்வி அது. முப்பது வருடமாக ஒரே பதில்: ஐம்பத்து மூன்று வயது, நோய் நொடி கிடையாது, தூக்கத்திலேயே போன புண்ணியவான். ஊரில் அந்தச் சாவுக்கே ஒரு மரியாதை உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட அதைக் கேட்டுக் கைகூப்பியிருக்கிறார்கள். இப்போதும் அதையே சொன்னார்.

"கொறட்டை விடுவாரா?"

தம்பிக்கு ஐம்பத்தொரு வயது. கோதண்டராமன் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"விடுவாரு. நடுவுல நடுவுல நிக்கும். அன்னிக்கும் நின்னுச்சி. பக்கத்துல படுத்திருந்தவன் நான்தான். சரி, நல்லாத் தூங்கறாருன்னு நெனச்சிட்டு நானும் தூங்கிட்டேன்."

முனிரத்தினம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்கே புதிய சேதி.

"அவருக்கும் இதுதான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்னது உதவும்" என்ற டாக்டர், "நீங்க கொறட்டை விடுவீங்களா ஐயா?" என்றார்.

"இவரா?" முனிரத்தினம் முந்திக்கொண்டார். "எங்க ரெண்டு பேருல யாரு சத்தம் ஜாஸ்தின்னு அண்ணி இருந்த வரைக்கும் சோபனாகிட்ட பந்தயமே கட்டுவாங்க மேடம்."

"வாயை மூடுடா" என்றார் கோதண்டராமன். ஆனாலும் ஒயர்களை ஒட்டிக்கொள்ள அவரும் சம்மதித்தார். அவருக்கும் அதே முடிவுதான் வந்தது.

குடி இல்லை, தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் என்று டாக்டர் எழுதிய கடிதம் கெடு முடிவதற்கு முன்பே மேனேஜரிடம் போனது. வேலை நிலைத்தது.

அண்ணன் தம்பி இருவரும் மூக்கில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு. அது பொய். அது ஆக்சிஜன் இல்லை. தொண்டை அடைத்துக்கொள்ளாதபடி வெறும் காற்றை அழுத்தித் தருகிற சிறிய மெஷின். இரண்டு பேரும் தூங்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். நாட்களை யாரும் எண்ணவில்லை.