ஓட்டை போட்ட மூடி

"எடுண்ணா... போனை எடு!"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நின்றவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெப்பப் பகுப்பாய்வுக் கருவி வரைந்த கோடு நூற்றுமுப்பது டிகிரி வரை சாதுவாகப் படுத்திருந்தது. அப்புறம் சுவர் மாதிரி எகிறி, திரையின் விளிம்பையே தாண்டிவிட்டது.

பின்னால் நின்ற ஆய்வகத் தலைவர் திரையை எட்டிப் பார்த்தார். "நேத்து நான் பார்த்தப்ப இருநூறு வரைக்கும் ஒண்ணுமே இல்லையேம்மா..."

"நேத்து கலவையை வச்ச கிண்ணத்து மூடியில ஊசியால ஓட்டை போட்டீங்களா சார்?"

"எப்பவும் போடறதுதானே? மூடி வெடிச்சா கருவி என்னத்துக்கு ஆகும்?"

கட்டின மனைவியைவிடக் கருவிமேல்தான் அவருக்குப் பாசம் என்று ஆய்வகமே கேலி பேசும். இன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஓட்டை வழியாகக் கரைப்பான் ஆவியாகி, போகிற போக்கில் சூட்டையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நேற்று கோடு பேசாமல் கிடந்தது அதனால்தான். இன்று அவள் வைத்தது இறுக மூடிய கிண்ணம். இதே வளாகத்துத் தொழிற்சாலை ரியாக்டரும் இறுக மூடியதுதான். அவர் அறிக்கையை நம்பி, அதே கலவையை டன் கணக்கில் அங்கே சூடாக்கிக்கொண்டிருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

"என்னடி, உயிர் போற மாதிரி அடிக்கிறே?"

"அண்ணா, நீராவியை மூடு! நூத்திமுப்பதைத் தாண்டினா கலவை தன்னால சூடேறும். அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது. இப்ப எவ்வளவு?"

அவனுக்குப் பின்னால் ஏதோ இரும்பு உறுமியது.

"நூத்திப்பத்து."

"நிஜமா?"

"மீட்டர் என் மூக்குக்கு நேரா இருக்கு. நீராவியை மூடியாச்சு. நூத்தியெட்டு... இறங்குதுடி."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இருந்தாலும் நீ ஆய்வகத்துல எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பின் கேட்டுக்குப் போயிடு. உங்க கருவிப் பைத்தியத்தையும் தரதரன்னு இழுத்துட்டுப் போ."

"நீ?"

"உனக்கு முன்னாடி அங்க நிப்பேன். ஓட்டத்துல என்னிக்காவது என்னை ஜெயிச்சிருக்கியா, ஆமை?"

பின் கேட்டை அவர்கள் தொடுவதற்குள் தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. காது அடைத்துக்கொண்டது. ஆய்வகத்தின் ஜன்னல்கள் மொத்தமாக உதிர்ந்தன. ரியாக்டர் கூடத்துக்குக் கூரையே இல்லை.

ரியாக்டர் ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டில் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தேடிய முகம் இல்லை.

"அண்ணன் எங்கே?"

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். "அடி வால்வைக் கையாலதான் திறக்கணும்மா. கலவையைத் தண்ணித் தொட்டியில இறக்கப் பார்க்கிறேன், நீங்க ஓடுங்கன்னு எங்களைத் தள்ளிவிட்டுட்டான்."

"சூடு இறங்குதுன்னானே! நூத்தியெட்டுன்னு என்கிட்ட சொன்னானே!"

"நான் பக்கத்துலதாம்மா நின்னேன். நீ போன் பண்ணும்போதே நூத்தியறுபது."